சேரும் முன் கல்லூரியை ஒருமுறை நேரில் பாருங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் என் தங்கைக்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். பாலக்கோட்டில் எங்கள் உறவில் ப்ளஸ் டூவுக்கு மேல் படிக்கப் போனவர்கள் குறைவு. விவரம் கேட்க ஆளில்லை. கேட்காமலே சொல்ல வந்தவர்கள்தான் நிறைய. ஒரு கல்லூரியில் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தார்கள். இன்னொன்றில் ஏசி அறையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து, கிளம்பும் வரை லேப் பக்கமே கூட்டிப் போகவில்லை. இந்த வருடம் கிளம்பப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. எப்போது போவது

ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ப்ளஸ் டூ தேர்வு மார்ச் கடைசியில் முடிகிறது, ரிசல்ட் மே மாதம் வருகிறது. மே மாதம் போனால் கல்லூரியில் வாட்ச்மேனும் அட்மிஷன் மேசையும்தான் இருக்கும். மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஹாஸ்டல் பூட்டியிருக்கும், கேன்டீன் இருக்காது. பெயின்ட் அடித்த கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரம் நல்ல நேரம். செமஸ்டர் தேர்வு தொடங்குவதற்கு முன் வகுப்பும் செய்முறையும் நடந்துகொண்டிருக்கும். தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை பாதி அலுவலகம் இருக்காது. முகூர்த்த நாளில் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது.

ஏப்ரலை விட்டால் அடுத்த வாய்ப்பு கல்லூரி திறந்த பிறகு, ஜூன் பாதிக்கு மேல். பொறியியல் பொதுக் கவுன்சலிங் பெரும்பாலும் ஜூலையில் தொடங்குவதால் அந்தப் பிள்ளைகளுக்கு இது சரிப்படும். அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு அது தாமதம், அங்கே கவுன்சலிங்கே ஜூன் வாக்கில் நடந்துவிடுகிறது.

சீட் கிடைத்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பொறியியலில் ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதி செய்யவும் பணம் கட்டிச் சேரவும் சில நாட்கள்தான் தருவார்கள். பணம் புரட்டவே அது போதாது. இன்னொன்று, மே கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் சூடு பிடித்துவிடும். தோப்பு உள்ள வீட்டில் அப்பாவை ஒரு நாள் நகர்த்துவதும் கஷ்டம். கூட வர ஆள் வேண்டுமென்றால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

2. பஸ் ஏறும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது

எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? முதலில் இதைப் பாருங்கள். நம் இரண்டு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளும் சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும் பட்டச் சான்றிதழ் அந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான். ஆகவே பி.எஸ்சி., பி.காம். சேர நினைப்பவர் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. படிக்கப் போகும் கல்லூரியைத்தான் பார்க்க வேண்டும். எம்.ஏ., எம்.எஸ்சி. என்றால் சங்கதி வேறு. பல்கலைக்கழகத் துறைகள் சேலம் வளாகத்திலேயே இருக்கின்றன. அதன் முதுநிலை விரிவாக்க மையம் ஒன்று தருமபுரி பக்கம் பைசுஹள்ளியிலும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பாடம் அங்கே இருந்தால் சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை.

பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழக இணைப்பும் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் இருக்க வேண்டும். கவுன்சலிங் பட்டியலில் அந்தக் கல்லூரிக்கு ஒரு கோடு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. தருமபுரி செட்டிகரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் உள்ளன. வெளியூர்த் தனியார் கல்லூரியைப் பார்க்கப் போகும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். பஸ் செலவும் குறைவு, ஒப்பிட ஓர் அளவுகோலும் கிடைக்கும்.

வேளாண்மை, கால்நடைப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், தனி கவுன்சலிங். ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் சாய்ஸ் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு, அங்கே கல்லூரிக்குப் பஞ்சமில்லை, ஏஜென்ட்டுக்கும் பஞ்சமில்லை. முக்கியமாக நர்சிங். போர்டில் பெரிய எழுத்தில் எது எழுதியிருந்தாலும், அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது என்பதை அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப் கணக்கில் சேராது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் தளத்தில் வெளியிடுகிறது.

3. ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்

சொல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. பெண்கள் கல்லூரியாக இருந்தால் கூட வரும் அண்ணனை, அப்பாவை உள்ளே விட மாட்டார்கள். கல்லூரியின் சொந்த இணையதளத்தில் உள்ள அலுவலக எண்ணை எடுங்கள். கூகுளில் மேலே விளம்பரமாக வரும் எண்ணுக்குப் பேசினால் பல நேரம் அது ஏதோ ஒரு கன்சல்டன்சிக்குப் போகும். அப்புறம் ஒரு மாதத்துக்கு உங்கள் போன் ஓயாது.

பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "வணக்கம் சார், தருமபுரி மாவட்டத்தில இருந்து பேசறேன். ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். உங்க காலேஜ்ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரலாம்னு இருக்கேன். வர்ற புதன்கிழமை அப்பாவோட வந்து டிபார்ட்மென்ட்டையும் ஹாஸ்டலையும் பார்க்கலாமா? யாரைப் பார்க்கணும்?" இவ்வளவு போதும். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டில் "இன்னார் வரச் சொன்னார்" என்றால்தான் கதவு திறக்கும்.

பிள்ளையே பேசுவது நல்லது. அப்பா பேசினால் பேச்சு நேராகக் கட்டணத்துக்குப் போய்விடுகிறது.

4. கையில் என்ன இருக்க வேண்டும்

பார்க்கப் போகும் நாளுக்கு இவை போதும்: ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஜெராக்ஸ், பதினோராம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதியிருந்தால் அதன் ஜெராக்ஸும், சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, ஒரு நோட்டு, பேனா.

ஒரிஜினல் எதையும் எடுத்துப் போகாதீர்கள். "சும்மா வெரிஃபை பண்ணத்தான்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் திருப்பிக் கேட்டால் இழுத்தடிப்பது சில இடங்களில் வாடிக்கை. ஒரிஜினலைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் கொடுத்துவிட்டு விதி பேசுவதைவிட, வீட்டு பீரோவில் இருப்பது நிம்மதி.

சேர்க்கைக்கு வேண்டிய சான்றிதழ்களுக்கும் இதே ஏப்ரலில் விண்ணப்பித்துவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாமே இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படிப்படியாக மேலே போகும். ரிசல்ட் வந்ததும் ஊரே ஒன்றாக விண்ணப்பிக்கும்போது உங்களுடையது வரிசையில் கடைசியில் நிற்கும்.

இதில் மூன்று விஷயத்தில் கவனம் தேவை.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் பொறியியலில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். கல்லூரியே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டில் சேர்ந்துவிட்டு அதைக் கேட்க முடியாது. வீட்டில் அக்காவோ அண்ணனோ பட்டம் வாங்கியிருந்தால் சான்றிதழே கிடைக்காது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். அதற்குப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். நடுவில் வேறு பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் போக வேண்டும், அது மே விடுமுறையில் நடக்காது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் இந்தப் பள்ளிப் படிப்பு விவரம்தான் ஆதாரம்.

மூன்றாவது விஷயம், எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு. எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வருடம் கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ படித்திருந்தால், பொறியியல் கவுன்சலிங்குக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் இது நிறையப் பேருக்குப் பொருந்தும், கடைசி நேரத்தில்தான் தெரியவரும்.

5. போகும் வழியும் செலவும்

தருமபுரியிலிருந்து சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போகிறவர்கள் சேலம் வரை போக வேண்டாம். வளாகம் சேலத்துக்கு முன்பே, ஓமலூர் தாண்டி, கருப்பூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. சேலம் அரசு பொறியியல் கல்லூரியும் அதே கருப்பூரில்தான். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது. ஏறும் முன்பே கண்டக்டரிடம் "யுனிவர்சிட்டி ஸ்டாப் நிக்குமா" என்று கேட்டு ஏறுங்கள். தப்பினால் சேலம் புது பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பி வர வேண்டும்.

தொப்பூர் கணவாயை மறக்காதீர்கள். ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்கும். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தால் ஒன்பதுக்கே அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். இரண்டு பேர் போய் வர, சாதாரண பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்ந்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம், சென்னை என்று தூரமாகப் போகிறவர்கள் ரயில் பார்ப்பதுதான் லாபம். கிருஷ்ணகிரி ஊரில் ரயில் இல்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக்காரர்களுக்கு மொரப்பூர், பொம்மிடி இருக்கின்றன, இரண்டும் சென்னை–கோவை வழித்தடம். ஆனால் எல்லா வண்டியும் நிற்பதில்லை, பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

"எங்கள் வேன் உங்கள் ஊருக்கே வரும், இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்" என்று சில தனியார் கல்லூரிகள் கூப்பிடும். மதியச் சாப்பாடும் உண்டு. போகாதீர்கள். வேன் அவர்களுடையது என்றால் கிளம்பும் நேரமும் அவர்களுடையது. ஏதாவது கையெழுத்தோ முன்பணமோ வாங்காமல் திரும்பக் கொண்டுவந்து விட மாட்டார்கள்.

6. உள்ளே போனதும்

முதலில் அட்மிஷன் அறைக்குத்தான் அனுப்புவார்கள். போங்கள், கேளுங்கள், சின்ன புத்தகம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "டிபார்ட்மென்ட்டைப் பார்க்கணும் சார்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். ஆடிட்டோரியத்தையும் இன்டோர் ஸ்டேடியத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று வருடத்தில் அங்கே நீங்கள் உட்காரப் போவது நாலைந்து நாள்.

துறையின் நோட்டீஸ் போர்டு முன் பத்து நிமிடம் நில்லுங்கள். என் கண்ணுக்கு ஒரு கல்லூரியைப் பற்றி அதிகம் சொன்னது அதுதான். ஓரிடத்தில் அந்த வாரத்து இன்டர்னல் தேர்வு மதிப்பெண்கள், வருகைப் பதிவு குறைந்தவர் பட்டியல், ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வு அறிவிப்பு எல்லாம் புதுத் தாளில் இருந்தன. இன்னோர் இடத்தில் போர்டு முழுக்க அபராத அறிவிப்பு: தாடிக்கு, லேட்டாக வந்ததற்கு, பஸ் கட்டணம் பாக்கிக்கு. அதன் கீழே முந்தைய வருடத்துப் பொங்கல் வாழ்த்து கருகிப்போய்த் தொங்கியது. தங்கை அந்தக் கல்லூரியை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள்.

லேபில் கருவிகள் எத்தனை என்று எண்ணுவதைவிட, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், ஒரு கருவியை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் லேப் என்றால் ஏதாவது ஒன்றை ஆன் செய்து காட்டச் சொல்லலாம், தப்பில்லை. லைப்ரரியில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

ஆசிரியர்களைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் கேளுங்கள். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர்களோடு கௌரவ விரிவுரையாளர்களும் பாடம் எடுக்கிறார்கள். அவர்களில் அருமையாக நடத்துகிறவர்கள் உண்டு, அது குறையில்லை. ஆனால் உங்கள் பாடத்துக்கு இப்போது ஆள் இருக்கிறார்களா, பணியிடம் காலியா என்பது முக்கியம். தனியாரில் "போன வருடம் இருந்த ஹெச்.ஓ.டி.தான் இப்போதும் இருக்கிறாரா" என்று மாணவரிடம் கேளுங்கள். ஆட்கள் நிற்காத இடம் என்றால் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

தமிழ்வழிப் பிரிவு, ஆங்கிலவழிப் பிரிவு இரண்டும் இருக்கும் கல்லூரிகளில், உங்கள் பாடம் எந்த வழியில், எந்த ஷிப்டில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதிய ஷிப்டு என்றால் வீடு திரும்பும் பஸ் கணக்கே மாறிவிடும்.

மாணவர்களிடம் பேசுவதுதான் பயணத்தின் பாதிப் பலன். அட்மிஷன் ஆள் கூட அனுப்பும் மாணவரை விட்டுவிடுங்கள், அவர் நன்றாகத்தான் சொல்வார். கேன்டீனில் ஒரு டீ வாங்கிக்கொண்டு மூன்றாம் வருடம், நான்காம் வருடம் படிப்பவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வருடப் பிள்ளைகளுக்கு இன்னும் விவரம் தெரிந்திருக்காது. "எந்த ஊரு தம்பி" என்று அவர்களே கேட்பார்கள். நம்மூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் எப்படியும் சிக்குவார், அவரிடம் போன் நம்பர் வாங்கிவிடுங்கள். அரியர் எத்தனை பேருக்கு, பிளேஸ்மென்ட் என்று விளம்பரத்தில் போட்ட வேலைக்கு உண்மையில் எத்தனை பேர் போனார்கள், சம்பளம் என்ன, சொல்லாமல் வாங்கும் கட்டணம் எது என்று கேளுங்கள். சீனியர்கள் இதில் ஒளிக்க மாட்டார்கள்.

கழிப்பறைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பெண் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும். விசிட்டர் அறைக்குப் பக்கத்தில் இருப்பது வேண்டாம், வகுப்பறை வரிசையில் இருப்பது.

7. ஹாஸ்டல், தண்ணீர், கடைசி பஸ்

ஹாஸ்டலில் தங்கப் போகிறவர்கள் மாதிரி அறையை விட்டுவிட்டு, ஆட்கள் இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வரை ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆர்.ஓ. மெஷின் இருப்பது பெரிதில்லை, அது ஓடுகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். மெஸ்ஸில் முடிந்தால் மதியம் காசு கொடுத்து அங்கேயே சாப்பிடுங்கள்.

தனியார் ஹாஸ்டல் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் இலவசக் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்று விதி. மாணவிகளுக்கு அந்தத் தூர விதி கிடையாது.

ராகிங் பற்றி அலுவலகத்தில் கேட்டால் "இங்கே அதெல்லாம் இல்லை" என்றுதான் வரும். மாணவர்களிடம் கேளுங்கள். புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது, போனில் ஏற்றி வையுங்கள்.

தினமும் போய் வரப் போகிறவர்களுக்கு என் யோசனை: காலையில் வகுப்புக்குப் போகும் நேரத்து பஸ்ஸிலேயே போங்கள், வகுப்பு விடும் நேரத்து பஸ்ஸிலேயே திரும்புங்கள். பத்து மணி பஸ்ஸில் காலாட்டி உட்கார்ந்து போனால் எதுவும் தெரியாது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்க ஊர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை பாஸ் மாற்றாது. லேப் உள்ள நாளில் ஐந்து மணிக்கு வெளியே வந்தால் வீடு போய்ச் சேர வழியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

8. பணப் பேச்சு

"மொத்தம் இவ்வளவு" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ், ஹாஸ்டல், மெஸ், யூனிபார்ம், லேப்டாப், டிரெய்னிங், காப்புத்தொகை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எது ஒருமுறை, எது வருடா வருடம், எது திரும்பக் கிடைக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். முதல் வருடக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி இரண்டாம் வருடம் ஏற்றுவது தெரிந்த வித்தை. எழுதித் தர மறுக்கிற இடத்தை விட்டுவிடலாம். தனியார் பொறியியல் கல்லூரிகள் கவுன்சலிங் மாணவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசின் கட்டண நிர்ணயக் குழு சொல்லியிருக்கும். அதற்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

"இன்னிக்கே பத்தாயிரம் கட்டினா சீட் பிளாக் பண்ணிடலாம், நாளைக்கு இருக்காது" என்பார்கள். நாளைக்கும் இருக்கும். பார்க்கப் போகும் நாளில் டிக்கெட் காசும் சாப்பாட்டுக் காசும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜிபே-யும் வீட்டில் அம்மா போனில் இருக்கட்டும்.

விண்ணப்பச் செலவு இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கடந்த ஆண்டுகளில் அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் வாங்கினார்கள். பட்டியல் பிரிவினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். பொறியியல் பதிவுக்கு 500, பட்டியல் பிரிவினருக்கு 250.

9. வீட்டுக்கு வந்ததும்

அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று கல்லூரி பார்த்த பிறகு எந்த லேப் எங்கே இருந்தது என்று குழம்பிவிடும். பிறகு போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை எடுத்து, பிடித்த கல்லூரிகளை வரிசைப்படுத்துங்கள். சாய்ஸ் கொடுக்கும்போது இந்த வரிசைதான் பேசும்.

சாய்ஸ் பதிவில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டு வந்த கல்லூரியிலிருந்தே போன் வரும்: "ஐடி, பாஸ்வேர்டு கொடுங்க, நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோம்." கொடுத்தால் பட்டியலில் முதல் இடத்தில் எந்தக் கல்லூரி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள், பிரவுசிங் சென்டரிலும் பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள். உதவி தேவையென்றால் அரசே நடத்தும் பொறியியல் சேர்க்கை உதவி மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

தூரமோ செலவோ காரணமாக ஒரு கல்லூரிக்குப் போகவே முடியவில்லை என்றால், உங்கள் பள்ளியில் படித்துவிட்டு அங்கே சேர்ந்தவர் யாராவது இருக்கிறாரா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கிடைத்தால் ஒரு வேலை நாளில், இடைவேளை நேரத்தில் அவரை வீடியோ காலில் வரச் சொல்லி, வகுப்பறை வராந்தா, நோட்டீஸ் போர்டு, மெஸ், தண்ணீர்க் குழாய் என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.